அறைக்குள் அடங்கும் மலை ரயில்: பெங்களூரு வீடுகளில் உருவாகும் மாதிரி ரயில் பாதைகளும் அவற்றின் படங்களும்

பெங்களூரு: பசுமை போர்த்திய மலைச்சரிவு, உயரமான தூண்கள் தாங்கிய பாலம், சுரங்க வாயிலிலிருந்து வெளிப்படும் டீசல் என்ஜின். கைபேசித் திரையில் இத்தகைய படத்தைக் காண்பவர், அது சக்லேஷ்பூர் மலைப்பாதையில் எடுக்கப்பட்டது என்று எளிதில் நம்பிவிடுவார். ஆனால் அந்த மலை தெர்மகோலால் ஆனது. புல் என்று தோன்றுவது சாயமேற்றிய மரத்தூள். பாலத்தின் உயரம் ஒரு சாணைத் தாண்டாது. படம் எடுக்கப்பட்ட இடமோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உபரி அறை.

வீட்டுக்குள் சிறிய அளவில் ரயில் பாதை அமைத்து, அதைச் சுற்றி மலை, ஊர், நிலையம் ஆகியவற்றை உருவாக்கும் மாதிரி ரயில் கலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்டது. இந்தியாவில் இதில் ஈடுபடுவோர் சிலரே. அவர்கள் வெவ்வேறு நகரங்களில் சிதறி வாழ்வதால், ஒருவர் அமைத்த பாதையை மற்றவர் நேரில் காணும் வாய்ப்பு அரிது. ஆகவே பகிரப்படும் புகைப்படமே அவர்களுக்குக் கண்காட்சி, அதுவே பாடப்புத்தகம்.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லீப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் எட்டு வடிவப் பாதையில் ஓடும் ரயில் தொகுப்பைக் காட்சிப்படுத்தியது. பாதையின் அகலங்களுக்கு எண்ணிட்டு வரையறுத்ததும் அந்நிறுவனமே. பிரிட்டனில் ஃபிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் 1920இல் வெளிவந்தன. இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு எச்ஓ எனப்படுகிறது. அதில் 87 மீட்டர் நீளமுள்ள பொருள் 1 மீட்டராகச் சுருங்கும். இடநெருக்கடி உள்ளவர்கள் 160இல் ஒரு பங்காகச் சுருக்கும் என் அளவை நாடுகின்றனர்.

பெங்களூருவுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பழமையானது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் வரையிலான பாதை 1864ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எலகங்காவில் ரயில் சக்கரத் தொழிற்சாலை 1984 முதல் இயங்கி வருகிறது. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1930இல் இந்நகரில் இருந்தபோதுதான், மால்குடி என்ற ஊரையும் அதன் சின்னஞ்சிறு ரயில் நிலையத்தையும் முதன்முதலாகக் கற்பனையில் கண்டார். அவ்வகையில் பெங்களூருவில் உருவான முதல் மாதிரி ரயில் நிலையம் தாளில் அமைந்தது என்றும் கூறலாம்.

மலையை அறைக்குள் கொண்டுவரும் கணக்கு

கர்நாடக ஆர்வலர்கள் பலரும் அமைக்க விரும்புவது சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் இடைப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதையைத்தான். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதியில் 57 சுரங்கங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களும் உள்ளன. 50 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றம் கொண்டது. மீட்டர் கேஜ் பாதையாக இருந்த இது 1996இல் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டது. பயணிகள் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது 2007 டிசம்பரில்.

இப்பாதையை எச்ஓ அளவில் முழுமையாக அமைப்பதானால் தண்டவாளம் மட்டும் சுமார் 632 மீட்டர் வேண்டும். மலையை விடுவோம், ஒரு முழு ரயிலே அறைக்குள் அடங்காது. எல்ஹெச்பி பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். எச்ஓ அளவில் அது 27.6 சென்டிமீட்டர். 24 பெட்டிகள் கொண்ட விரைவு ரயில் என்ஜின் நீங்கலாகவே ஆறரை மீட்டரைத் தாண்டும். என் அளவில் அதே ரயில் 3.6 மீட்டர். பெங்களூரு குடியிருப்பு ஒன்றின் படுக்கையறைச் சுவர் பெரும்பாலும் அவ்வளவுகூட இருப்பதில்லை.

எனவே சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 24 பெட்டிகளுக்குப் பதில் 7 அல்லது 8. 57 சுரங்கங்களுக்குப் பதில் 2. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் அமைப்பவரின் பார்வை வெளிப்படுகிறது. ஏற்றத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பாதை மற்றொன்றின் மேல் கடக்க எச்ஓ அளவில் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி தேவை. 50க்கு 1 என்ற உண்மையான ஏற்றத்தைக் கடைப்பிடித்தால், அந்த உயரத்தை எட்ட 3.75 மீட்டர் ஓட வேண்டும். அதற்குள் அறை முடிந்து, பாதை வளைந்தாக வேண்டும். வளைவும் மிகக் குறுகினால் நீண்ட பெட்டிகளின் முனைகள் தண்டவாளத்துக்கு வெளியே அசிங்கமாகத் துருத்தி நிற்கும்.

அகலம் என்னும் தீராத வழக்கு

இந்திய ரயிலைச் சிறியதாகச் செய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களின் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்தால் கிடைப்பது அது. இந்திய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதே வகுத்தலில் 19.26 வர வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவுதான் எனினும், உண்மை அளவில் அது 24 சென்டிமீட்டர். இந்திய என்ஜினைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், அகன்ற உடலுக்கு ஒடுங்கிய கால்கள் வாய்த்ததுபோல் தோன்றும்.

பெட்டிகளிலும் இதே கதைதான். எல்ஹெச்பி பெட்டியின் வடிவமைப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதால், ஜெர்மன் மாதிரிப் பெட்டியை வாங்கிச் சிவப்பு வண்ணம் பூசினால் போதும் என்று புதியவர்கள் கருதுவதுண்டு. இந்திய எல்ஹெச்பி பெட்டியின் அகலம் 3,240 மில்லிமீட்டர். வழக்கமான ஐரோப்பிய பெட்டியின் அகலமோ சுமார் 2,825 மில்லிமீட்டர். எச்ஓ அளவில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பதால், வண்ணம் பூசிய பெட்டி பழகிய கண்ணை ஏமாற்றுவதில்லை.

சிலர் தண்டவாளத்தைத் தாமே அளந்து பதித்து, சக்கரங்களையும் அச்சில் விரித்துப் பொருத்துகின்றனர். பலர் 16.5 மில்லிமீட்டரையே ஏற்றுக்கொண்டு, படம் எடுக்கும்போது முகப்பைத் தவிர்த்துப் பக்கவாட்டுக் கோணத்தைத் தேர்கின்றனர். பக்கவாட்டில் பாதையின் அகலம் தெரியாது என்பதே காரணம். பகிரப்படும் இந்தியப் படங்களில் முகப்புத் தோற்றம் குறைவாக இருப்பதை இதை அறிந்த பின்னர்தான் கவனிக்கத் தோன்றும்.

விந்தை என்னவெனில், மறைந்துபோன பாதைகளுக்கு இச்சிக்கல் ஏறக்குறைய இல்லை. மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர், சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு. 762 மில்லிமீட்டர் குறுகிய பாதையை வகுத்தால் 8.76, அதற்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளம் பொருந்தும். பெங்களூருவின் வடக்கே சிக்கபள்ளாபூர் வழியாகக் கோலாருக்கும் பங்காருப்பேட்டைக்கும் சென்ற பாதை இந்த 762 மில்லிமீட்டர் வகையைச் சேர்ந்தது. சிக்கபள்ளாபூர் பாதை 1915இல் அமைந்தது. சிக்கபள்ளாபூர் - கோலார் பகுதியில் அகலப் பாதை திறக்கப்பட்டது 2013இல். அவ்வழியில் உள்ள தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய பழைய நிலையக் கட்டடங்களைச் சீரமைக்கும் பணியை இன்டாக் அமைப்பின் பெங்களூரு கிளை மேற்கொண்டது. ஓடு வேய்ந்த நந்தி ஹால்ட் போன்ற ஒரு சிறு நிலையம், மாதிரி அமைப்போருக்குக் கிடைத்த கொடை என்றே சொல்ல வேண்டும். ஒரு புத்தக அலமாரித் தட்டில் அது முழுதாக அமர்ந்துவிடும்.

வரைபடம் கிடைக்காத கட்டடத்தையும் புகைப்படத்தைக் கொண்டு அளக்க முடியும். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் ஒரு கதவு தெரிந்தால் போதுமானது. கதவின் உயரம் 2.1 மீட்டர் என்று கொண்டால் எச்ஓ அளவில் அது 2.4 சென்டிமீட்டர். அதை அளவுகோலாக்கிச் சுவர், தூண், கூரை அனைத்தையும் கணக்கிடலாம். கட்டடம் சாய்கோணத்தில் பதிவாகியிருந்தால் இம்முறை பயன்படாது.

தென்னை நாரும் கல்தூளும்

வெளிநாட்டுப் பொருட்களின் விலை இந்திய ஆர்வலர்களின் பெருங்குறை. சுங்க வகைப்பாட்டில் 9503 என்ற தலைப்பின்கீழ் குழந்தைகளின் பொம்மைகளோடு, அளவு குறைத்துச் செய்யப்படும் பொழுதுபோக்கு மாதிரிகளும் அடங்கும். உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கில் இவற்றின் அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. கிலுகிலுப்பைக்கும், நடுத்தர வயதினர் பல மாதம் சேமித்து வாங்கும் நுட்பமான என்ஜினுக்கும் சுங்க அதிகாரி பார்க்கும் பட்டியல் ஒன்றே.

இந்நெருக்கடி உள்ளூர்ப் பொருட்களின்பால் கவனத்தைத் திருப்பியுள்ளது. சலித்த கல்தூள் தண்டவாளத்துக்கு இடையிலான ஜல்லியாகிறது. நீர்த்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் கலந்தால், பசை கற்களுக்கிடையே தடையின்றி இறங்கும். நறுக்கிய தென்னை நார் உயர்ந்த புல்லாகவும், பயன்படுத்திக் காயவைத்த தேயிலைத்தூள் காட்டுத் தரையின் சருகாகவும் மாறுகின்றன. அடித்தளத்துக்கு எட்டுக்கு நான்கு அடி ஒட்டுப்பலகை. சிக்னல் விளக்கு, ரிலே, கம்பி ஆகியவற்றுக்கு எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகள். என்ஜினின் உடலைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்து, இறக்குமதி செய்த மோட்டார் அடிச்சட்டத்தின் மேல் பொருத்தும் முறையும் பரவி வருகிறது.

மின்சார அமைப்பு இரு வகை. பழைய முறையில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் செல்லும். அதைக் கூட்டினால் அந்தப் பாதையில் உள்ள எல்லா என்ஜின்களும் ஒன்றாக வேகம் பிடிக்கும். டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறையில் மின்சாரத்தோடு கட்டளைகளும் செல்கின்றன. ஒவ்வொரு என்ஜினிலும் உள்ள சில்லு தனக்குரிய கட்டளைக்கு மட்டும் பணியும்.

பதினெட்டு மில்லிமீட்டர் மனிதனின் பார்வை

நன்கு அமைந்த பாதையும் படத்தில் பொம்மையாகத் தெரிவதுண்டு. நின்றபடி மேலிருந்து எடுப்பதே முதற்காரணம். ரயில் நிலையத்தில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். எச்ஓ உலகில் அது 18 மில்லிமீட்டர். கேமரா அந்த உயரத்துக்கு இறங்கினால்தான் மலை மலையாக நிமிரும். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அதன் லென்ஸ் தரையை ஒட்டி அமைவதால், கனமான கேமராவால் இயலாததை இங்கு கைபேசி செய்துவிடுகிறது.

அடுத்தது கூர்மை. மிக அருகில் வைத்து எடுக்கும்போது ஒரு சிறு பகுதி மட்டுமே தெளிவாகவும் முன்னும் பின்னும் மங்கலாகவும் பதிவாகும். அந்த மங்கலே பொருள் சிறியது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையான நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கினால் அது பொம்மை நகரமாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். இதைத் தவிர்க்க, கூர்மையை வெவ்வேறு தொலைவில் வைத்துப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மென்பொருளால் இணைக்கின்றனர்.

ஒளியும் அவ்வாறே. வானில் சூரியன் ஒன்று என்பதால், அறையின் இரு குழல் விளக்குகள் தரும் இரட்டை நிழல் பார்ப்பவரின் ஐயத்தைக் கிளப்பிவிடும். சன்னல் வழியே வரும் காலை வெயிலுக்கு ஈடில்லை. தூசி தனிப் பகை. பாதையில் விழுந்த ஒற்றைத் தலைமுடி, உண்மை அளவில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியாகக் குறுக்கே கிடக்கும். பெங்களூருவின் கட்டுமானப் புழுதியில் படமெடுக்கும் நேரத்தைவிடத் தூரிகையால் துடைக்கும் நேரமே அதிகம்.

நேரில் காண விரும்புவோருக்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட இடம் புணேயின் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம். பாவுசாகேப் ஜோஷியின் தனிப்பட்ட ஆர்வத்தில் வளர்ந்து 1998இல் திறக்கப்பட்ட அங்கு, எச்ஓ அளவில் ஒரு நகரமே ரயில்களோடு இயங்குகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் உலகிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. கர்நாடகத்தில் மைசூருவின் ரயில் அருங்காட்சியகம் 1979 முதல் உண்மையான பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் காத்து வருகிறது. மாதிரி செய்வோர் அளவு நாடாவுடன் செல்லத்தக்க இடம் அது.

அளவெடுக்கும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் நீடிப்பதில்லை. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை 1955 முதல் தயாரித்து வந்த பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. இரண்டு தலைமுறைகள் பயணம் செய்த அந்தப் பெட்டிகள் ஒவ்வொரு தடத்திலும் எல்ஹெச்பி பெட்டிகளுக்கு வழிவிட்டு விலகி வருகின்றன. அவற்றின் பக்கவாட்டுப் படங்கள் ஏராளம். ஆனால் மாதிரி செய்பவருக்குத் தேவைப்படுவது வேறு: கூரையில் காற்றுப்போக்கிகள் எந்த இடைவெளியில் அமைந்துள்ளன, அடிப்பகுதியில் பேட்டரிப் பெட்டி எந்தப் பக்கம் உள்ளது, கழிவறைச் சன்னலின் கண்ணாடி எவ்வகை. நடைமேடையில் நிற்பவர் எவரும் கூரையைப் படமெடுப்பதில்லை. அதற்கு நடைமேம்பாலத்தில் ஏறி, ரயில் புறப்படும் வரை காத்திருந்து, கீழே நகரும் ஒவ்வொரு பெட்டியையும் செங்குத்தாகப் பார்த்து எடுக்க வேண்டும்.