கந்தக பூமி – 9: நகக்கண்ணில் வெள்ளி

போன வாரம் சிவகாசிக் காலண்டர்களில் பருவோ சுருக்கமோ இல்லாத முகங்களைப் பார்த்தோம். இந்த வாரம் கல்யாண ஆல்பம்.

கேமரா ஃப்ளாஷும் சிவகாசிப் பட்டாசும் பங்காளிகள் என்றால் நம்புவீர்களா? 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட்டோடு கலந்து ஃப்ளாஷ் பவுடர் செய்தார்கள். அந்தக் குளோரேட்தான் நம் தீக்குச்சி முனையிலும் இருக்கிறது. பற்றவைத்தால் பளீரென வெளிச்சம், பின்னாலேயே புகை. கையைச் சுட்டுக்கொண்ட போட்டோகிராபர்கள் உண்டு. ஃபயர் ஆபீஸ் (பட்டாசு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஆட்களுக்கு அது புதிய சமாச்சாரம் இல்லை.

விருதுநகரில் பிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்தும் அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: “யாஷிகால ரோலுக்குப் பன்னண்டு படம்தான் தம்பி. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுறதுக்குள்ள அமுக்கணும். விட்டா விட்டதுதான்.”

இப்போது விட்டால் திரும்ப நடத்துகிறார்கள். தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையை, “சார், கைய அப்படியே வைங்க, ஒண்ணே ஒண்ணு” என்று நிறுத்தி, முடிச்சுப் போடுவதுபோல் பாவனை செய்ய வைக்கிறார்கள். படம் கண்ணாடி மாதிரி விழும். மாப்பிள்ளை முகத்தில் ஒரு நிமிடத்துக்கு முன் இருந்த பதற்றம் போயிருக்கும். எனக்கு அந்தப் பதற்றம்தான் வேண்டும்.

எங்கள் அக்கா கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் தொழில் கணக்கில் தேறாது. போகஸ் மாமாவின் தோளில் விழுந்திருக்கிறது. அட்சதை மஞ்சள் கோடுகளாக இழுத்திருக்கிறது. மூலையில் அப்பா, துண்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை. முகம் மங்கல். ஆனால் ஃப்ளாஷ் பட்டு அவர் நகங்கள் மட்டும் மினுங்குகின்றன. கம்பி மத்தாப்புக்குப் போடும் அலுமினியத் தூள். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணை விட்டுப் போகாத வெள்ளி. அதே ஆல்பத்தின் குடும்பப் படம் பளிங்குபோல் இருக்கிறது. அதில் அப்பாவின் கைகள் முதுகுக்குப் பின்னால். அவரே மறைத்தாரா, போட்டோகிராபர் சொன்னாரா, இனி கேட்க முடியாது. தேறாத படத்தைத் தூக்கிப் போடவிருந்தவரிடமிருந்து அம்மாதான் கேட்டு வாங்கினார்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். இந்தப் பக்கத்து வீடுகளில் மாலை போட்ட படங்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் தோள்மேல் வேறு யாரோ ஒருவரின் விரல்கள் மிச்சமிருக்கும். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. தமக்கென ஸ்டுடியோ படியேற நேரமில்லாதவர்களுக்கு அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்தான் ஸ்டுடியோ. அங்கேயும் அவர்கள் மணமேடையில் நிற்பதில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு, படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நிற்பார்கள். ஆல்பம் டிசைனர் முதலில் கழிப்பது அந்த ஓரங்களைத்தான்.

ஆல்பம் வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவையும் கொண்டுபோங்கள். கழித்துப்போட்ட படங்களையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் போனால் இடம் வேண்டுமென்று ஸ்டுடியோவில் அழித்துவிடுவார்கள்.

(தொடரும்)