வேலையைக் கொடுத்தேன், சாவியைக் கொடுக்கவில்லை!

அமாவாசை வந்துவிட்டால் எங்கள் பக்கத்து பஸ்களெல்லாம் மேல்மலையனூருக்குத்தான். செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்காள பரமேசுவரியை ஊஞ்சலில் வைத்து, நடு இரவில் தாலாட்டுப் பாடுவார்கள். கையில் கற்பூரம் ஏந்திக் கூட்டம் கூட்டமாக நிற்கும் பெண்களைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

சென்ற வருஷம் என் மாமியாரின் பிரார்த்தனைக்காக நாங்களும் போனோம். மூன்று வயதுக் குழந்தையை அந்தக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. வீட்டில் உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டேன். இரண்டு வருஷமாக இருக்கிறாள், தங்கமான பெண். "குழந்தையைப் பார்த்துக்கோம்மா, விடிகாலை வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு, பீரோவைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் அங்கே அம்மனுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, இங்கே என் குழந்தைக்கு வாந்தியும் பேதியும்! அவள் போன் செய்திருக்கிறாள். அந்த நெரிசலில் லைன் கிடைக்கவில்லை. உப்பு-சர்க்கரைப் பொட்டலம் பீரோவுக்குள். பணமும் பீரோவுக்குள். காலை 6 மணிக்கு நாங்கள் வந்தபோது குழந்தை கண் குழிவிழுந்து, துவண்டுபோய்க் கிடந்தது. உடனே ஆஸ்பத்திரி, டிரிப்... இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம்.

"பக்கத்து வீட்டு மாமியையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "போன மாசம் அவங்க வீட்டுல போய் காப்பிப் பொடி கேட்டதுக்கே திட்டினீங்களே அக்கா. பாத்துக்கோன்னுதான் சொன்னீங்க. என்ன செய்யலாம்னு சொல்லலியே?"

எனக்குச் சுருக்கென்றது. தவறு அவளுடையதல்ல. வேலையை ஒப்படைத்த நான், அதைச் செய்யும் வழியையும் அதிகாரத்தையும் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போயிருந்தேன்!

செஞ்சிக் கோட்டை சொன்ன பாடம்

சில மாதங்கள் கழித்து செஞ்சி வழியாகப் போகும்போது, சரித்திர ஆசிரியரான என்னவர் மலைமேல் இருந்த கோட்டையைக் காட்டி ஒரு கதை சொன்னார். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று அல்லவா?

1689-ல் சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. மறு வருஷமே மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அத்தனை வருஷமும் மன்னர் இங்கே. அவருடைய நாடோ தொலைதூரத்தில், மகாராஷ்டிரத்தில். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் ராஜ்யம் என்ன ஆகியிருக்கும்?

அவர் கிளம்பும்போதே ராமச்சந்திர பந்த் என்ற அமைச்சருக்கு 'ஹுகுமத் பனாஹ்' என்று பட்டம் கொடுத்து, மன்னரைக் கேட்காமலே முடிவெடுக்கும் அதிகாரத்தையும் தந்திருந்தார். சந்தாஜி, தனாஜி என்ற இரு தளபதிகள் படையை நடத்தினார்கள். மன்னர் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தும் நாடு நிமிர்ந்து நின்றது.

"ஆபீசிலும் இதே கதைதான்" என்றார் என்னவர். மானேஜருக்குக் காரியதரிசி இருந்தால் மட்டும் போதாது. எதை அவரே முடிக்கலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று வரையறுத்துச் சொன்னால்தான் இருவருக்கும் நிம்மதி. வீடு மட்டும் விதிவிலக்கா, என்ன?

நான் கடைப்பிடிக்கும் முறை

1. 'பார்த்துக்கோ' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். "7 மணிக்குக் குழந்தைக்கு இட்லி, 8 மணிக்குள் தூங்க வைக்கணும்" என்று வேலையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்கிறேன்.

2. எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்திருக்கிறேன். பால், காய்கறி வாங்குவது, மதியச் சமையல் இவையெல்லாம் அவளே முடிவு செய்யலாம். காஸ் சிலிண்டர் வாங்குவது, பக்கத்து வீட்டில் உதவி கேட்பது போன்றவை செய்துவிட்டுப் பிறகு சொல்லலாம். மருந்து கொடுப்பது, தெரியாதவர்களை உள்ளே விடுவது இரண்டும் என்னைக் கேட்டுத்தான். ஆனால் ஆபத்து என்றால் எந்த விதியும் கிடையாது. முதலில் குழந்தை, அப்புறம்தான் நான்.

3. வேலையோடு வசதியும் கொடுக்க வேண்டும். சமையலறை அலமாரியில் ஒரு கவரில் 500 ரூபாய், இரண்டு உப்பு-சர்க்கரைப் பொட்டலம், டாக்டர், ஆட்டோக்காரர், பக்கத்து வீடு, ஆம்புலன்சுக்கு 108 என்று நம்பர்கள் எழுதிய தாள். பேதி ஆனால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை, காய்ச்சி ஆற வைத்து, அதில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலும், வெகுநேரம் சிறுநீர் போகாவிட்டாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான். இதை அவளுக்கு ஒருமுறை செய்து காட்டினேன்.

4. தினமும் காலையில் பத்து நிமிஷம் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றைய வேலையை நான் எழுதுகிறேன். நடந்ததை அவள் எழுதுகிறாள். நாள் முழுக்க பின்னாலேயே போய் "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்பது நின்றுபோயிற்று.

5. தவறு நடந்தால் உடனே வேலையைப் பிடுங்கிக்கொள்வதில்லை. திட்டு வாங்கியவள் அடுத்த தடவை நம்மிடம் மறைப்பாள், அல்லது பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். என் வீட்டில் நடந்தது அதுதானே! பொறுப்பு கூடினால் சம்பளமும் கூட வேண்டும். அதையும் செய்தேன்.

உதவிக்கு ஆள் இல்லாத வீடுகளில் மாமியார், கணவர், வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இது பொருந்தும். "நான் செய்தால்தான் சரியா வரும்" என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பு வலி, தலைவலி என்று படுத்துவிடுகிறோமே! கணவர் மடித்த துணி கோணலாக இருந்தால்தான் என்ன?

இந்த ஆடி அமாவாசைக்கு மறுபடி மேல்மலையனூர் போனோம். சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

விடிகாலை திரும்பி வந்தபோது குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் நோட்டு. அதில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: "பால் திரிஞ்சிடுச்சு. கவரில் இருந்து காசு எடுத்து வேற வாங்கினேன். மீதி கவரிலேயே இருக்கு. தம்பி எட்டு மணிக்குத் தூங்கிட்டான்."