மீட்டர் ஓடுது... மிச்சம் எங்கே? தவிக்கும் டாக்ஸி ஓட்டுநர்கள்!

விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்றாலும், நள்ளிரவில் பிரசவ வலி கண்டாலும் சென்னைக் குடும்பங்கள் முதலில் தேடுவது ஒரு டாக்ஸியைத்தான். சில நிமிடங்களில் வண்டி வாசலில் நிற்கிறது. ஆனால், அதை ஓட்டி வருபவரின் வரவு செலவுக் கணக்குதான் நேராவதே இல்லை. வாடகைக் கார் ஓட்டுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள் மூன்று. ஒரே தொழிலுக்கு இரண்டு விதமான விதி, ஏறிக்கொண்டே போகும் செலவு, இரவில் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நிலை.

மஞ்சளும் வெள்ளையும்

வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் போர்டு. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டு. மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட் எடுக்க வேண்டும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடாவருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, ஆபத்து நேர அழைப்புப் பொத்தான் என்று செலவுப் பட்டியல் நீளும்.

இன்சூரன்ஸ் ஒன்றை மட்டும் பார்த்தாலே வித்தியாசம் புரியும். 2022 ஜூன் மாதம் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அதே கார் டாக்ஸியாக ஓடினால் 7,940 ரூபாய். அதோடு ஒரு பயணிக்கு 978 ரூபாய். நான்கு பயணிகளுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 11,852 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல்!

இந்தச் செலவு எதுவும் இல்லாத வெள்ளை போர்டு கார்கள், முகூர்த்த நாட்களிலும் விடுமுறைகளிலும் குறைந்த வாடகைக்கு ஓடுகின்றன. 'நமக்குத் தெரிஞ்ச பையன் வண்டிதான்' என்று பலரும் ஏறிவிடுகிறார்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், 'பிடித்தால்தானே?' என்பது மஞ்சள் போர்டுக்காரர்களின் கேள்வி.

இது பயணிகளுக்கும் பெரிய ஆபத்து. விபத்து நடந்து, வண்டி வாடகைக்கு ஓடியது தெரியவந்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். இழப்பீட்டுக்காகக் குடும்பம் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டி வரலாம்.

ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் ஒரு சிக்கல் தீர்ந்திருக்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனம் ஓட்டத் தனி ஒப்புதல் தேவையில்லை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. அலைச்சல் குறைந்தது, தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் கதவு திறந்தது. ஆட்கள் கூடக் கூட, ஆளுக்குக் கிடைக்கும் சவாரி குறைகிறதே என்பது பழையவர்களின் ஆதங்கம்.

காலி ஓட்டத்துக்கு யார் காசு?

பயணியை ஏற்ற 5 கி.மீ. காலியாகப் போய், 15 கி.மீ. சவாரி ஓட்டினால், டீசல் செலவு 20 கி.மீ.க்கு, வருமானம் 15 கி.மீ.க்குத்தான். சென்னையில் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. அதற்கு மேல் மாதாந்திர டியூ, டயர், சர்வீஸ், ஆப் நிறுவனத்துக்குக் கமிஷன் அல்லது தினசரிக் கட்டணம்.

ஆப் நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல்படி, சொந்தக் கார் ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவிகிதம் போய்ச் சேர வேண்டும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். குறைத்தால் பாதிக்குக் கீழே போகக் கூடாது. அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அது சரியாக அமையாவிட்டால், 80 சதவிகிதம் என்பது வெறும் காகிதக் கணக்குதான்.

கர்நாடகா 2024-ல் ஒரு வழி காட்டியது. 10 லட்ச ரூபாய்க்குள் உள்ள கார்களுக்கு முதல் 4 கி.மீ.க்கு 100 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 24 ரூபாய் என்று, ஆப் டாக்ஸிக்கும் சாதாரண டாக்ஸிக்கும் ஒரே கட்டணம் வைத்தது. தமிழகத்திலோ ஆட்டோவுக்கு 2013-ல் நிர்ணயித்த கட்டணமே பத்து வருடங்களைக் கடந்தும் மாறாமல் கிடந்தது. 'டாக்ஸிக்கும் கட்டணம் நிர்ணயியுங்கள். விலைவாசிக்குத் தக்கபடி மாற்றுங்கள்' என்பதுதான் ஓட்டுநர்களின் கோரிக்கை.

ஓட்டுநருக்கு யார் பாதுகாப்பு?

பயணியின் செல்போனில் ஓட்டுநரின் பெயர், படம், வண்டி எண் எல்லாம் வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், நள்ளிரவில் ஊருக்கு வெளியே இறக்கச் சொல்லும் பயணி யார் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. பயணிகளின் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது இதனால்தான்.

இன்னொரு எதிரி தூக்கம். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 2020 வழிகாட்டுதல் சொன்னது. ஆனால், டியூ தேதி நெருங்கும்போது ஒரு ஆப்பை அணைத்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறவரை எந்தக் கணக்கு தடுக்கும்? கட்டணம் கட்டுப்படியானால்தான் ஓய்வும் கிடைக்கும். ஆகவே, வாடகைப் பிரச்னையும் பாதுகாப்புப் பிரச்னையும் வேறு வேறு அல்ல.

பயணிகள் கவனத்துக்கு...

* வெளியூருக்கு வண்டி பேசும்போது மஞ்சள் போர்டா என்று பாருங்கள். பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைக் கேட்பதில் தப்பில்லை.

* டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

* ஆப்பில் பதிவு செய்துவிட்டு, 'கேன்சல் பண்ணிட்டு வாங்க, குறைச்சுத் தர்றேன்' என்ற பேரத்துக்கு இரண்டு தரப்பும் இடம் தர வேண்டாம். பயணப் பதிவு இருந்தால்தான் இருவருக்கும் பாதுகாப்பு.

* இரவு முழுக்க ஓட்டி வந்தவரை உடனே திரும்பி ஓட்டச் சொல்லாதீர்கள். கல்யாண மண்டபத்திலோ லாட்ஜிலோ அவர் படுக்க ஓர் இடம் கொடுங்கள். திரும்பும் வழியில் பின் சீட்டில் தூங்கப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.