வட்டுக்கோட்டைக் குருமடம்

வட்டுக்கோட்டைக் குருமடம் என்பது, இலங்கையின் வடபகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823 ஆம் ஆண்டு முதல் 1855 ஆம் ஆண்டு வரை இயங்கிய ஒரு கிறித்தவ உயர்கல்வி நிறுவனம் ஆகும். அமெரிக்க இலங்கை மிசன் இதனை நிறுவி நடத்தியது. வட்டுக்கோட்டை செமினரி என்ற பெயராலும் இது அறியப்படுகிறது. ஆங்கிலம், தமிழ், சமசுக்கிருதம் ஆகிய மொழிகளுடன் கணிதம், வானியல், நில அளவை போன்ற பாடங்களும் இங்கு கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இந்நிறுவனத்தின் மாணவர்களே.

எந்த மொழியில் கற்பிப்பது, கற்ற கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விகள் இக்குருமடத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்து எழுந்தன. இறுதியில் அது மூடப்பட்டதற்கும் அவையே காரணமாயின.

பெயர்

குருமடம் என்ற பெயர் சமய குருமாரை மட்டும் உருவாக்கும் இடம் என்ற எண்ணத்தைத் தரக்கூடும். ஆனால் 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் செமினரி என்ற சொல் உயர்நிலை உறைவிடக் கல்விக்கூடங்களையும் குறித்தது. வட்டுக்கோட்டை நிறுவனமும் அந்தப் பொருளிலேயே பெரிதும் இயங்கியது. சமயக் கல்வி கட்டாயமாக இருந்தபோதிலும், மாணவர்களில் பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும், அரச ஊழியர்களாகவும், நில அளவையாளர்களாகவும், எழுத்தாளர்களாகவும் பணியாற்றினர்.

தோற்றம்

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். டானியல் பூவர், எட்வர்ட் வாரன் ஆகியோர் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெயிக்சு, சேம்சு ரிச்சர்ட்சு ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் தங்கிப் பணியைத் தொடங்கினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலிருந்து எஞ்சியிருந்த பழைய தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த கட்டடங்களும் திருத்தப்பட்டு இவர்களது பயன்பாட்டுக்கு வந்தன.

முதலில் ஊர்ப் பாடசாலைகளும், பின்னர் உறைவிடப் பாடசாலைகளும் தொடங்கப்பட்டன. உயர் சாதியினராகக் கருதப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மிசன் வளவில் உணவு உண்ணத் தயங்கியமையால், சமையலுக்குத் தனி ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது. இவ்வுறைவிடப் பாடசாலைகளில் தேறிய மாணவர்களுக்கு உயர்கல்வி அளிக்கும் நோக்கில், 1823 ஆம் ஆண்டில் ஒரு கல்லூரித் திட்டம் வெளியிடப்பட்டது. இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்சு, அமெரிக்க மிசனரிமார் மேலும் வருவதையோ அவர்களது நிறுவனங்கள் விரிவடைவதையோ விரும்பவில்லை. 1820 ஆம் ஆண்டில் அச்சு வேலைக்காக அமெரிக்காவிலிருந்து வந்த சேம்சு கரெட் என்பவர் இலங்கையை விட்டு வெளியேற நேர்ந்ததும் இக்கொள்கையாலேயே ஆகும். எனவே கல்லூரி என்ற தகுதி கிடைக்கவில்லை. நிறுவனம் மத்திய பாடசாலை என்ற எளிய பெயருடன் தொடங்கி, பின்னர் செமினரி எனப் பெயர் பெற்றது.

டானியல் பூவர் இதன் முதல் அதிபராக 1835 வரை பணியாற்றினார். அவருக்குப் பின் என்றி ஒய்சிங்டன் பொறுப்பேற்றார். பிற்கால அதிபர்களுள் ஒருவரான சைரசு மில்சு, அமெரிக்கா திரும்பிய பின் தம் மனைவி சூசனுடன் இணைந்து கலிபோர்னியாவில் நடத்திய கல்விக்கூடமே மில்சு கல்லூரியாக வளர்ந்தது.

மாணவர்களில் பலரது செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றுக்கொண்டனர். அவ்வாறு உதவியவர்களின் பெயர்களோ, அவர்கள் விரும்பிய பெயர்களோ மாணவர்களுக்குச் சூட்டப்பட்டன. கரோல், நெவின்சு, ஆர்னோல்ட் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத் தமிழறிஞர்களின் பெயர்களுக்கு முன் வருவதன் காரணம் இதுவே.

மொழிப் பாடங்கள்

1823 ஆம் ஆண்டுத் திட்டம் மொழிகளுக்கு முதலிடம் தந்தது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனி நோக்கம் கூறப்பட்டது.

ஆங்கிலம்: மேல்நாட்டு அறிவியல் நூல்களை நேரடியாகப் படிப்பதற்கான வாயில் எனக் கருதப்பட்டது. அக்காலத்தில் அவ்வறிவைத் தரும் தமிழ்ப் பாடநூல்கள் மிகக் குறைவாக இருந்தன.

தமிழ்: மாணவர்கள் தாய்மொழியில் திருத்தமாக எழுதவும் பேசவும் வேண்டும் என வலியுறுத்தப்பட்டது. பேச்சுத் தமிழை மட்டும் அறிந்த ஒருவரால் கற்றோர் அவையில் மதிப்புப் பெற முடியாது என்பதை மிசனரிமார் விரைவில் உணர்ந்திருந்தனர். இதனால் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

சமசுக்கிருதம்: தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் கற்பிக்கத் திட்டமிடப்பட்டது. இந்து சமய நூல்களையும் சோதிட நூல்களையும் மூலத்திலேயே படித்து விவாதிக்கக்கூடியவர்களை உருவாக்குவது இதன் நோக்கம். எபிரேயம் போன்ற மொழிகளும் மிகச் சிலருக்கெனத் திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தன.

இம்முறை, அதே காலத்து இந்தியக் கல்விக்கூடங்கள் சிலவற்றிலிருந்து வேறுபட்டது. 1830 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டப் தொடங்கிய பள்ளியும், 1837 ஆம் ஆண்டில் சென்னையில் யோன் அண்டர்சன் தொடங்கி, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டவை. வட்டுக்கோட்டையோ ஆங்கிலத்தையும் தமிழையும் இணையாக வைத்துக் கற்பிக்க முயன்றது. 1818 ஆம் ஆண்டில் வங்காளத்தில் நிறுவப்பட்ட செராம்பூர்க் கல்லூரி இவ்வகையில் இதற்கு நெருக்கமானது.

அறிவியலும் செய்முறைப் பயிற்சியும்

கணிதத்தில் எண்கணிதம், அட்சரகணிதம், வடிவியல், திரிகோணகணிதம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. இவை நில அளவை, வானியல் ஆகிய இரண்டு துறைகளில் செய்முறைக்கு உதவின.

நில அளவைப் பயிற்சிக்கு அன்றைய இலங்கையில் நல்ல தேவை இருந்தது. 1830களிலும் 1840களிலும் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. காடுகள் அளந்து விற்கப்பட்டன, வீதிகள் அமைக்கப்பட்டன. 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின், ஆங்கிலம் அறிந்த உள்நாட்டவருக்கு அரச சேவையில் கூடுதல் இடம் கிடைத்தது. ஆங்கிலமும் கணிதமும் ஒருங்கே அறிந்த இளைஞர்களுக்கு இதனால் வேலைவாய்ப்புப் பெருகியது.

வானியல் பாடம் ஊர் மக்களின் கவனத்தையும் ஈர்த்தது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணிப்பது சில குடும்பங்களின் பரம்பரைத் தொழிலாக இருந்தது. 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி ஊர்ப் பஞ்சாங்கம் தந்த கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு இருந்தது. கிரகணம் நிகழ்ந்தபோது பூவரின் கணிப்பே பொருந்தியது. மிசனரிமார் இதனைத் தமது கல்விமுறையின் வெற்றியாகப் பரப்பினர்.

ஆனால் உள்நாட்டு வானியலை அவர்கள் முற்றாகப் புறந்தள்ளவில்லை. ஒய்சிங்டன் தமிழ் வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பதிப்பித்தார். கிரகணக் கணிப்பு முறைகளைத் தமிழ் நூலின் வழியாகவே ஆராய இது உதவியது. சைவ சித்தாந்த நூல்களான தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இம்மொழிபெயர்ப்புகள் 1854 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயின.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் இக்குருமடத்தை நேரில் பார்வையிட்டார். பாடங்களின் பரப்பிலும் மாணவர்களின் தேர்ச்சியிலும் இது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்ற கருத்தை அவர் 1850 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்தார்.

அச்சுத் தொழிலும் தமிழ் எழுத்தும்

ஆளுநரின் தடை நீங்கிய பின்னர், 1834 ஆம் ஆண்டில் ஈசுட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்து மானிப்பாயில் மிசன் அச்சகத்தைப் பொறுப்பேற்றார். குருமடத்தில் கற்ற மொழித்திறன் வெளிப்படுவதற்கு இவ்வச்சகம் களமாயிற்று. 1841 ஆம் ஆண்டு சனவரி 7 இல் தொடங்கிய உதயதாரகை என்ற இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. குருமடத்தின் மாணவர்களான என்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகியோர் அதன் முதல் ஆசிரியர்களாக இருந்தனர். 1842 ஆம் ஆண்டில் மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி வெளியானது. கரோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் என்ற நூல் 1855 ஆம் ஆண்டில் அச்சானது. அட்சரகணிதத்தைத் தமிழில் விளக்கிய முன்னோடி நூல்களுள் இதுவும் ஒன்று.

மூடப்படுதல்

குருமடத்தின் வெற்றியே அதற்கு இடையூறாகவும் அமைந்தது. மிசனின் தலைமையகம் எதிர்பார்த்தது ஊர்தோறும் சென்று தாய்மொழியில் போதிக்கும் ஊழியர்களை. ஆனால் ஆங்கிலம் கற்றவர்களுக்கு மிசன் தரக்கூடிய ஊதியத்தைவிட அரசும் வணிக நிறுவனங்களும் கூடுதலாகத் தந்தன. மாணவர்களும் பெற்றோரும் பெரும்பாலும் வேலைவாய்ப்பை எண்ணியே குருமடத்தை நாடினர். படிப்பு முடிந்ததும் பலர் கிராமங்களை விட்டு வெளியேறினர். சிலர் சைவ சமயத்துக்கே திரும்பினர்.

அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளர் ரூபசு அண்டர்சன் 1855 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து நிலைமையை ஆராய்ந்தார். மிசனின் கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும், ஆங்கிலக் கல்விக்குச் சங்கத்தின் பணத்தைச் செலவிடுவது அதன் நோக்கத்துக்குப் பொருந்தாது என்பது அவரது கொள்கை. அவ்வாண்டிலேயே குருமடம் மூடப்பட்டது. அதுவரை அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கு பயின்றிருந்தனர்.

இம்முடிவு யாழ்ப்பாணத்தில் அதிருப்தியை ஏற்படுத்தியது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் 1857 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் குருமடத்தின் பாடங்கள் பட்டப்படிப்புக்கான வழியாக மாறியிருக்கக்கூடும்.

கிறீனின் தமிழ் மருத்துவக் கல்வி

அண்டர்சன் கண்ட அதே சிக்கலுக்கு, அதே மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் வேறொரு தீர்வைக் கண்டார். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த இவர், மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கி முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பயிற்சி பெற்றவர்கள் அரச வேலைகளுக்குச் சென்றுவிட, ஊர் மக்களுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. எனவே 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார்.

அண்டர்சனின் கொள்கை தாய்மொழியைக் காரணம் காட்டி உயர்கல்வியைக் குறைத்தது. கிறீனோ உயர்கல்வியையே தாய்மொழிக்குக் கொண்டுவந்தார். தம் மாணவர்களின் துணையுடன் அவர் உருவாக்கிய நூல்களுள் இரணவைத்தியம் (1867), மனுச அங்காதிபாதம் (1872), கெமிசுதம் (1875) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கலைச்சொல்லுக்கு முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவது, இல்லையெனில் சமசுக்கிருதச் சொல்லை எடுப்பது, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவரது முறையாகும். பிற்காலக் கலைச்சொல்லாக்க முயற்சிகளிலும் இதே கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன.

சென்னையுடனான தொடர்பு

யாழ்ப்பாண மிசனைச் சேர்ந்த மைரன் வின்சுலோ, மருத்துவர் யோன் சுகடர் ஆகியோர் 1836 ஆம் ஆண்டில் சென்னை சென்று அங்கும் மிசனைத் தொடங்கினர். ராயபுரம், சிந்தாதிரிப்பேட்டை ஆகிய இடங்கள் அதன் நிலையங்களாக அமைந்தன. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதிப் பணியின் தொடர்ச்சியாக, வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862 ஆம் ஆண்டில் சென்னையில் வெளியானது. குருமடத்தில் கற்ற நெவின்சு சிதம்பரப்பிள்ளை போன்ற அறிஞர்கள் இப்பணிக்கு உதவினர்.

தாமோதரம்பிள்ளை, பீட்டர் பேர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழின் ஆசிரியப் பணிக்காகச் சென்னை சென்றார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் மரபுவழியில் பெற்ற தமிழ்ப் புலமையும், வட்டுக்கோட்டையில் பெற்ற ஆங்கிலக் கல்வியும் அவரிடம் ஒன்றுசேர்ந்திருந்தன. வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலிய நூல்களை ஏடுகளிலிருந்து ஒப்புநோக்கி அவர் பதிப்பித்தார். மற்றொரு மாணவரான ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை 1886 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பிற்காலம்

குருமடம் மூடப்பட்ட பின், 1859 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தமிழ்வழிப் பயிற்சிப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. எனினும் உயர்கல்விக்கான கோரிக்கை ஓயவில்லை. பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியோரும் மேற்கொண்ட முயற்சியின் விளைவாக, 1872 ஆம் ஆண்டில் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. யூரோட்டசு கேசுட்டிங்சு அதன் முதல் அதிபரானார். இக்கல்லூரிக்கான நிதி யாழ்ப்பாணத்திலும் அமெரிக்காவிலும் திரட்டப்பட்டது. குருமடத்தைப் போல வெளிநாட்டுச் சங்கமொன்றின் முடிவுக்கு மட்டும் கட்டுப்படாத அமைப்பாக இது உருவாக்கப்பட்டது.

நீதிபதி ரிச்சர்ட் ஒட்லியின் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபம் குருமடக் காலத்தை நினைவூட்டும் கட்டடமாகும். மிசனரிமார் திருத்தியமைத்த வட்டுக்கோட்டைத் தேவாலயம், 1947 ஆம் ஆண்டில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்குத் தலைமைத் தேவாலயமாக விளங்குகிறது. யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் தொடர்ந்து இயங்கி வருகிறது.