பெயரைக் கேட்டு எழுதுவோம்

எங்கள் ஊர் தமிழில் வத்தளை, சிங்களத்தில் வத்தல. ஊரின் பெயர் மொழிக்கு மொழி மாறுவதால் எவருக்கும் நட்டமில்லை. ஆளின் பெயர் அப்படியல்ல.

2017 முதல் வழங்கப்படும் புதிய தேசிய அடையாள அட்டையில் நமது பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கிறது. ஆனால் ஒரு மொழியின் ஒலிகள் எல்லாவற்றுக்கும் மற்றைய மொழியில் எழுத்து இல்லை. சிங்களத்தில் 'ழ' இல்லாததால் கயல்விழி 'கயல்விலி' ஆகிறாள். தமிழில் 'ரிஸ்னா' என்றிருப்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்' போட்டும் இன்னொருவர் 'இஸட்' போட்டும் எழுதலாம். பரீட்சைச் சான்றிதழில் ஒன்றும் கடவுச்சீட்டில் மற்றொன்றும் வந்துவிட்டால், ஓர் எழுத்துக்காகச் சத்தியக்கடதாசியோடு அலைய நேரலாம்.

பெயரின் அமைப்பும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. சிங்களவர் பலரின் பெயரில் இறுதியாக நிற்பது குடும்பப் பெயர். நம்மில் பலருக்குத் தந்தையின் பெயர் முன்னே வரும். சொந்தப் பெயர் இறுதியில் நிற்கும். முஹம்மத் ரபீக்கின் மகள் பாத்திமா ரிஸ்னா, 'எம்.ஆர்.எப். ரிஸ்னா' என்று எழுதுவாள். குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டுப் படிவத்தில் 'ரிஸ்னா' அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டால், தந்தையும் மகளும் வெவ்வேறு குடும்பத்தவராகத் தோன்றுவர்.

வெளிநாட்டமைச்சராக இருந்த ஏ.சி.எஸ். ஹமீதின் முழுப்பெயர் அப்துல் காதர் சாஹுல் ஹமீத். இதில் 'அப்துல்' என்பதைத் தனியே பிரித்து அழைப்பது பொருந்தாது. அரபியில் அது 'இன்னாரின் அடியான்' என்பதன் முற்பாதி மட்டுமே. 'காதர்' என்பதோடு சேர்ந்தால்தான் பெயராகும். கொழும்பு ஸாஹிராவின் அதிபராயிருந்த டீ.பி. ஜாயாவின் 'டீ', 'துவான்' என்பதன் முதலெழுத்து. அது மலாய் மக்கள் பெயருக்கு முன் வைக்கும் மரியாதைச் சொல். ஹுணுப்பிட்டியில் நமக்கு மலாய் அயலவர் பலர் இருந்தும், இதை அறிந்தோர் நம்மிடையே குறைவு.

ஆகவே தோழியரே, புதியவர் ஒருவரைச் சந்தித்தால், "உங்களை எப்படி அழைப்பது? பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்போம். கேட்பது அறியாமையல்ல, மரியாதை. பெற்றோரே, பிள்ளை அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் அவளுடைய பெயரை மூன்று மொழிகளிலும் ஒரு தாளில் எழுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு எந்தப் படிவத்தையும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள்.