சதுர கிலோமீட்டருக்கு ரெண்டே பேர்!

மணாலியிலிருந்து காஜா போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான்... கீழே பார்க்காமல் இருக்கிறவரை! ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் அதலபாதாளத்தில் சந்திரா நதி.

கிராம்ஃபூ தாண்டியதும் மரங்கள் காணோம். கொஞ்ச நேரத்தில் ரோடும் காணோம்! எங்கே பார்த்தாலும் கல். வீடு சைஸுக்கு ஒரு பாறை, பக்கத்திலேயே ஜல்லி, மணல்... கான்ட்ராக்டர் பாதியில் விட்டுவிட்டு ஓடின மாதிரி. ஓடியவர் வேறு யாருமல்ல, பனியாறு! ஊர்ந்து வரும்போது மலையைச் சுரண்டி வாரிக்கொண்டு வரும். உருகிப் பின்வாங்கும்போது அப்படியே போட்டுவிட்டுப் போகும். இந்தக் குவியலுக்குப் பேர் மொரைன். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் படா ஷிக்ரி பனியாறு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் பனியைத் தேடவேண்டும். அவ்வளவு கல் மூடிக் கிடக்கிறது.

ஜனம்? லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு ரெண்டு! எங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களையும் சேர்த்தால், சுமார் முப்பது சதுர கிலோமீட்டர் ஜனத்தொகை ஒரே வண்டியில் குலுங்கியது.

4,500 மீட்டருக்கு மேல் குன்ஸும் கணவாய். டிரைவர் அங்கிருக்கும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்கினார். வேடிக்கை இங்கேதான் சார். இந்த முகட்டில் உருகும் பனி மேற்கே வழிந்தால் சந்திரா. தாண்டியில் பாகா நதியோடு சேர்ந்து சீனாப். கிழக்கே வழிந்தால் ஸ்பிட்டி, அப்புறம் சட்லெஜ். கோபித்துக்கொண்டு பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி போய், பாகிஸ்தானில் பஞ்சநத் என்ற இடத்தில் மறுபடி ஒன்றுசேர்கின்றன! 1960-ல் நடந்த பாகப்பிரிவினையில் சீனாப் பாகிஸ்தானுக்கு, சட்லெஜ் நமக்கு. அந்த சிந்து ஒப்பந்தத்தை 2025-ல் இந்தியா நிறுத்திவைத்தது.

ஆளே இல்லாத இடத்து நீருக்கு இவ்வளவு பங்காளிகள்!

எனக்கு பயம் தந்தது வேறு விஷயம். பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் ஏரி உருவாகும். அதற்கு அணை எது? சிமென்ட் இல்லை, இன்ஜினீயர் இல்லை, அதே கற்குவியல்தான். சிக்கிமில் 2023 அக்டோபரில் சவுத் லோனாக் ஏரிக்குள் மொரைன் சரிந்து விழுந்தது. எழும்பிய அலையில் கரை உடைந்து, கீழே சுங்தாங் அணையே அடித்துக்கொண்டு போனது.

லாஹௌலிலும் அப்படி ஒரு ஏரி இருக்கிறது: கேபாங் கத். பனியாறு சுருங்கச் சுருங்க அது பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கு நேர் கீழே சிஸ்ஸு கிராமம். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு டூரிஸ்ட் கூட்டம் வண்டி வண்டியாக இறங்குவது, அந்த சிஸ்ஸுவில்தான்.