அடைச்ச பல்லு ஏன் திரும்பக் கூசுது?

கம்பம் பக்கம் போயிட்டு வரும்போது ரோட்டோரம் பன்னீர் திராட்சை வாங்கி வாயில போடுறீங்க. போன வருஷம் அடைச்ச கடவாப்பல்லு சுரீர்னு கூசுது. அடைச்சு ரெண்டு மூணு நாள் கூசினா பரவாயில்லை. மாசக்கணக்கா கூசினா, ஃபில்லிங்குக்கும் பல்லுக்கும் நடுவுல கசிவு இருக்கலாம்.

சிவில் பசங்களுக்கு இது புரியும். பழைய கான்கிரீட் மேல புதுசு ஊத்தினா, பெரும்பாலும் தண்ணி கசியறது ரெண்டும் சேருற இடத்துலதான். பல்லிலயும் அதே கதை. பல் நிறத்துல வைக்கிற காம்போசிட், இறுகும்போது ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். சொத்தை உண்டாக்குற பாக்டீரியா 1 மைக்ரான்கூட இருக்காது. அதுக்கு எவ்வளவு சின்ன இடைவெளி போதும்னு யோசிங்க. உள்ளே புகுந்தா ஃபில்லிங்குக்கு அடியிலயே சொத்தை வளரும். வலி வந்து போய்ப் பார்க்கும்போது வேர் சிகிச்சை வரைக்கும் போயிருக்கும்.

அதனாலதான் சொத்தையைச் சுரண்டின பிறகு, மிச்சமிருக்கிற கிருமியைக் கொல்ல குழியை மருந்தால கழுவுறது உண்டு. சிக்கல் இங்கேதான். கிருமியைக் கொல்லுற மருந்தே ஒட்டுதலைக் கெடுக்கலாம்!

சோடியம் ஹைப்போகுளோரைட்டை எடுத்துக்கோங்க. வீட்டு பிளீச்சிங் திரவத்துல இருக்கிற அதே பொருள்தான். நல்லாக் கொல்லும். ஆனா பல்லில ஆக்சிஜனை விட்டுட்டுப் போகும். ரெசின் இறுகுறது ஃப்ரீ ராடிக்கல் பாலிமரைசேஷன் மூலமா. ஆக்சிஜன் அந்த ராடிக்கலைப் பிடிச்சுக்கிட்டா, சுவரை ஒட்டின ரெசின் அரைகுறையா நிக்கும். ரெசின் ஊடுருவிப் பிடிக்க வேண்டிய கொலாஜன் வலையையும் ஹைப்போகுளோரைட் கரைச்சுடும்.

2 சதவீத குளோர்ஹெக்சிடின் வேற ரகம். அது ஆக்சிஜன் விடாது. அதோட, கொலாஜனை மெல்ல அரிக்கிற என்சைம்கள் பல்லுக்குள்ளேயே இருக்கு. அதையும் அடக்கி வைக்கும். அமிலம் போட்டுக் கழுவி ஒட்டுற முறையில இது நல்லாவே ஒத்துப்போகுது. தானே அரிச்சு ஒட்டுற பசைகளோட சேரும்போது மட்டும் ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. மருந்து எதுன்னு மட்டும் பார்த்தாப் போதாது, எந்தப் பசைங்கிறதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஹைப்போகுளோரைட் பண்ணின சேதத்தைச் சரிபண்ணவும் வழி இருக்கு. அங்கதான் நம்ம திராட்சை உள்ள வருது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர்ல நாம துப்புற விதை இருக்கே, திராட்சை விதையில புரோஆந்தோசயனிடின்னு ஒரு பொருள் நிறைய உண்டு. அது மிச்ச ஆக்சிஜனோட வேலையை முடக்கும், கொலாஜன் இழைகளை ஒண்ணோட ஒண்ணு பின்னியும் விடும். ஹைப்போகுளோரைட் பட்ட பல்வேர்ல ஒட்டும் வலிமையை இது மீட்டுத் தருதுன்னு 2011-லயே ஓர் இந்தியப் பல் மருத்துவ இதழ்ல ஆய்வு வந்தாச்சு. பிடுங்கின பற்கள்ல, ஆய்வகத்துல செஞ்சது அது. விதையை மென்னு தின்னா ஃபில்லிங் ஒட்டிக்கும்னு கிளம்பிடாதீங்க!

ஒரு தொல்லை மட்டும் இருக்கு. அந்தச் சாறு பழுப்பு நிறம், பல்லில கறை விடும். கடவாப்பல்லுன்னா யாரும் பார்க்கப் போறதில்லை. முன்பல்லில வைக்க யார் சம்மதிப்பாங்க?